தரையில் வைத்த உறை

ராவிரி ரிப்பேக்காவுக்கு ஆறாயிரத்து முந்நூறு டாலர் தர வேண்டியிருந்தது. ஆயிரத்து இருநூற்று அறுபது சாப்பாடு, சாப்பாடு ஒன்றுக்கு ஐந்து டாலர். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கே இந்தப் பெருக்கல் வருகிறது. ராவிரி ஆக்லாந்தில் மூன்று வருஷம் வியாபாரப் படிப்புப் படித்தவன். அவனுக்கு மட்டும் வரவில்லை.

இதை எழுத வேண்டாம் என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். சொந்தக்காரன், பழைய கதை, விட்டுவிடு என்றார்கள். எனக்கு எழுபத்தெட்டு வயது. இனி யாருக்குப் பயந்து விட வேண்டும்? போன மாதம் ரிப்பேக்கா இறந்துபோனாள். மூன்று நாள் அவளை எங்கள் குலத்தார் கூடும் மன்றத்து முகப்பில் கிடத்தி வைத்திருந்தோம். பேச எழுந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். தங்கமானவள், சாந்தமானவள், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவள். என் பல் நறநறத்தது. ரிப்பேக்கா சாந்தமானவளா? என்னையே அவள் திட்டாத நாள் கிடையாது. ராவிரியும் எழுந்து நின்று அழுதான். "என் அத்தை கையால சாப்பிட்டு வளர்ந்தேன்" என்றான். சாப்பிட்டது உண்மை. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

ரிப்பேக்காவும் நானும் ஒரே வருஷம், ஒரே சந்தில் பிறந்தவர்கள். ரோட்டோருவா ஏரிக்கும் கொதிக்கிற மண்ணுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். விறகு வாங்கிச் சமைத்த வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் தரை வெடிப்பிலிருந்து ஆவி வரும். அதன்மேல் அடியில்லாத மரப்பெட்டியை இறக்கி, பாத்திரத்தை உள்ளே வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டால் சோறு ஆனது போலத்தான். குளிக்க ஊருக்குப் பொதுவான வெந்நீர்த் தொட்டிகள் இருக்கின்றன. சாயங்காலம் வெளியாட்கள் போன பிறகு ஊரே அதில்தான் உட்கார்ந்திருக்கும். பாதி வழக்குகள் அங்கேதான் தீரும், பாதி அங்கேதான் முளைக்கும்.

பதின்மூன்று வயதில் ரிப்பேக்கா ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கப் போனாள். ஒரு தலையணை உறை காணாமல் போனதற்கு அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. அன்று வெளுத்த ஒன்பது கூடைத் துணியையும் திரும்பக் கொட்டி, ஒவ்வொன்றாக உதறி, ஒரு படுக்கை விரிப்புக்குள் சுருண்டு கிடந்த உறையை எடுத்துக்கொண்டு போய் மேலாளர் மேசையில் போட்டாள். கூலியைக் கொடு என்று அங்கேயே நின்றாள். வாங்கினாள். வாங்கிவிட்டு வேலையை விட்டாள். அந்த வயதில் நான் மர ஆலையில் மரத்தூள் அள்ளிக்கொண்டிருந்தேன். எனக்குக் கூலி பிடித்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பொய் எழுத எனக்கு வராது.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாய் மூடியதில்லை. இருபத்தாறு வயதில் ஓட்டை பஸ் ஒன்றை வாங்கினேன். எஞ்சினைப் பிரித்து நானே மாட்டினேன். நாற்பது வயதில் ஏழு பஸ், ஏழிலும் மானஹி என்று என் பெயர். வெந்நீர் ஊற்று பார்க்க, கொதிக்கிற சேறு பார்க்க, ஏரியில் படகு விட என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறவர்களை நான்தான் ஏற்றி இறக்கினேன். வங்கிக்காரன் எனக்குக் கடன் தர மாட்டேன் என்றான். பத்து வருஷம் கழித்து அவன் மகள் கல்யாணத்துக்கு என் பஸ்ஸைக் கேட்டு வந்தான். கொடுத்தேன், முழு வாடகைக்கு.

ரிப்பேக்காவைக் கட்டியவன் எருவேரா. ஏரிக்கு அக்கரைக்காரன், அதிகம் பேசாதவன். மர ஆலையில் முப்பது வருஷம் ரம்பத்துக்கு முன்னால் நின்றான். ஐம்பத்தைந்து வயதில் மூச்சுக்குழலெல்லாம் தூள் அடைத்து, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான். ஆலை அவனை வீட்டுக்கு அனுப்பியது. கையில் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். எங்கள் ஊர்க் கந்தகக் காற்றில் வெள்ளி கறுக்கும், செம்பு அரிக்கும், டிவி மூன்று வருஷம் தாங்காது. அந்தக் கடிகாரம் ஒரே வருஷத்தில் நின்றது. அப்போதுதான் ரிப்பேக்கா ஆவிப் பெட்டிச் சாப்பாட்டை விற்க ஆரம்பித்தாள்.

அவள் கைத்திறனைச் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை. சாக்கின்மேல் காதை வைத்துக் கேட்பாள். "இன்னும் பத்து நிமிஷம், கிழங்கு கல்லாட்டம் இருக்கு" என்பாள். மழைக்கு முந்தின நாள் ஆவி தடிப்பாக வரும், தெற்குக் காற்றடித்தால் மெலிந்துவிடும், அதற்குத் தகுந்தாற்போல் கோழியை முன்னே பின்னே வைப்பாள். வேறு யாராவது மூடியில் கை வைத்தால் தொலைந்தார்கள். என் பஸ்ஸில் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். முட்டை அழுகின நாற்றம் என்பார்கள், படம் எடுப்பார்கள். அரை மணி கழித்து அதே ஆவியில் வெந்த கோழியையும் சர்க்கரைவள்ளியையும் விரல் வரைக்கும் நக்கித் தின்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் ஏறும். அவளுக்கு ஏறாது. "பசிச்சவன் திங்கிறான், நீ வண்டியைக் கழுவு" என்பாள்.

ராவிரி எருவேராவின் தங்கை மகன். தாய்மாமன் வீடு என்று சின்ன வயதில் பாதி நாள் இங்கேதான் கிடந்தான். ஆக்லாந்து போனான், படித்தான், நாலு ரப்பர் படகோடு திரும்பி வந்தான். ஏரித் தண்ணீர் வெளியேறுகிற கைத்துனா ஆற்றில் ஆட்களை ஏற்றி, நாலு ஆள் உயர அருவியிலிருந்து படகோடு கீழே தள்ளுகிற வியாபாரம். கத்திக்கொண்டே விழுவதற்கு ஆளுக்கு எழுபது டாலர். நனைந்து நடுங்கி மேலே வருகிறவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு. அந்தச் சாப்பாடு ரிப்பேக்காவுடையது. ஏற்றி வருகிற பஸ் என்னுடையது.

எனக்கு வெள்ளிக்கிழமைதோறும் பணம் வந்தது. எப்படி வந்தது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வாசலுக்குக் குறுக்கே பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நிற்பேன். ரிப்பேக்காவுக்கு நிறுத்த பஸ் இல்லை.

"அத்தை, சீசன் முடியட்டும், மொத்தமா செட்டில் பண்றேன்" என்று சொல்லியே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஓட்டினான்.

மே மாதம் எருவேரா செத்துப்போனான்.

மூன்று நாள் மன்றத்தில் வைத்திருந்தோம். நானூறு பேருக்கு மேல் வந்தார்கள். கூட்டம் கூட்டமாக வாசலில் வந்து நிற்பார்கள், எங்கள் பெண் ஒருத்தி குரலெடுத்து அழைப்பாள், முற்றத்தைக் கடந்து வருவார்கள், இரண்டு பக்கமும் பேச்சு நடக்கும். வந்தவர்களில் கடைசியாகப் பேசுகிறவன் ஓர் உறையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்குவான். அதுதான் கொஹா. யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் போய்க் குனிந்து எடுப்பான். வந்தவர்களுக்குச் சோறு போடவும் அடக்கச் செலவுக்கும் அது போகும். ஹேனி என்று ஒரு கிழவி, அப்போதே எண்பதைத் தொட்டவள், அடுக்களை மூலையில் நோட்டோடு உட்கார்ந்து பெயரையும் தொகையையும் எழுதுவாள். நாளைக்கு அவர்கள் வீட்டில் சாவு என்றால் அந்த நோட்டைப் பார்த்து, குறையாமல் கொண்டுபோய் வைக்க வேண்டும். செத்தவனுக்காக வைத்தது செத்தவனுக்கு. அதில் வேறு பேச்சே கிடையாது.

அக்கரைக்காரர்களோடு ராவிரி வந்தான். கடைசிப் பேச்சு அவனுடையது. தாய்மாமனைப் பற்றி நன்றாகவே பேசினான், பேச அவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். பிறகு கையைத் தூக்கி எல்லார் கண்ணிலும் படும்படி காட்டி, தடியான உறை ஒன்றை வைத்தான். அன்று எடுக்கப் போனவன் நான். குனிந்து எடுத்தேன். கனத்தது.

உள்ளே ஹேனி எண்ணினாள். இருநூறு, முந்நூறு வைப்பதுதான் வழக்கம். இதில் ஆறாயிரத்து முந்நூறு.

"இது என்னடா கணக்கு? ஆறாயிரம் சரி, முந்நூறு எதுக்கு?" என்று கேட்டாள்.

"மனசு வந்து போட்டிருப்பான். எழுது" என்றேன் நான்.

அதோடு விட்டேனா? வெளியே வந்து முற்றத்தில் நின்று, மருமகன் என்றால் இவன்தான் மருமகன் என்று உரக்கப் பேசினேன். ஏரியைச் சுற்றி ஒரு வாரம் இதே பேச்சு. ராவிரியைப் போல் தாய்மாமனுக்குச் செய்தவன் இல்லை என்றார்கள். அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தது என் வாய்.

ஜூன் மாதம் ரிப்பேக்கா கடனைக் கேட்டனுப்பினாள். பதில் வரவில்லை. பெரிய சீமான், சில்லறையை மறந்திருப்பான், நான் கேட்கிறேன் என்று ஆற்றங்கரையில் இருந்த அவன் அலுவலகத்துக்குப் போனேன். ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்தக் கடன் மாமா?" என்றான். "அதான் அன்னிக்கே வச்சிட்டேனே. நீங்கதானே குனிஞ்சு எடுத்தீங்க."

"அது கொஹாடா."

"பேரு எதுவா இருந்தா என்ன? நான் தர வேண்டியது ஆறாயிரத்து முந்நூறு. வச்சது ஆறாயிரத்து முந்நூறு. டாலர் சுத்தமா ஒத்துப்போகுது பாருங்க. ஒரு பணத்தை எத்தனை தடவை தருவாங்க?"

"செத்தவன் முன்னாடி வச்ச பணத்தையா கடன் கணக்குல எழுதற?"

"அத்தை குடும்பத்துக்குத்தானே போச்சு. அவங்க வீட்டு சாவுச் செலவுதானே. நான் குடுக்கலேன்னா அவங்கதானே போட்டிருக்கணும்?"

படித்தவன் படித்தவன்தான். ஒரே பணத்தில் ஊரெல்லாம் பெயரும் வாங்கி, கடனையும் கழித்துக்கொண்டான். மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நாளையிலிருந்து உனக்குப் பஸ் கிடையாது என்றேன். "ஊர்ல வேற வண்டி இருக்கு மாமா" என்று காலைக்கூட மடக்காமல் சொன்னான். இருந்தது. அந்த வருஷம் எனக்கு ஒரு பஸ்ஸின் வருமானம் போனது. போகட்டும் என்று விட்டேன், ஆனால் அது இன்றைக்கும் எரிகிறது.

ரிப்பேக்காவிடம் போய்ச் சொன்னேன். கோழியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அவன் வாயால அப்படிச் சொன்னானா?"

"சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"பஸ் கிடையாதுன்னேன்."

"நல்லாப் பேசின. அன்னிக்கு முற்றத்துல நின்னு அவனைத் தூக்கி வச்சுக் கூத்தாடினியே, அதைவிட நல்லாப் பேசின."

நான் வெட்டின கோழியைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு அந்தப் பணம் எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் இடுகாட்டில் குழி தோண்ட முடியாது. ஒரு முழம் தோண்டினால் வெந்நீர் வரும். தரைக்கு மேலே சிமெண்டுப் பெட்டி கட்டித்தான் அடக்கம் செய்கிறோம். முதல் வருஷம் வெறும் சிமெண்டு. வருஷம் திரும்புவதற்குள் பெயர் வெட்டின கல்லை நிறுத்தி, மூடின போர்வையை எல்லார் முன்னாலும் விலக்க வேண்டும். அடுத்த ஈஸ்டர் சனிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. கல், வெட்டுக்கூலி, எருவேராவின் பெட்டியில் ஆவி பட்டு வெடித்திருந்த ஒரு பக்கத்தை இடித்துக் கட்டுவது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைத் தொட்டது. பிப்ரவரி முடிவதற்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளின் வேலையை எடுத்துக்கொள்வேன் என்று கல்வெட்டுகிறவன் சொல்லிவிட்டான். கல் இல்லாமல் ஈஸ்டர் வந்தால் எருவேரா பெயரில்லாத சிமெண்டாகக் கிடப்பான். அவளுக்கு அது தாங்காது.

நான் தருகிறேன் என்றேன். ஏழு பஸ் வைத்திருக்கிறவன், ஆறாயிரம் எனக்குப் பெரிதில்லை என்று சொல்லியே கேட்டேன்.

"நீ குடுத்தா அது நீ குடுத்தது. அவன் தர வேண்டியது அப்படியேதான் நிக்கும்" என்றாள். "ஆறு மாசம் விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு வெந்தது என் கை. என் புருஷனுக்கு அந்தக் காசுலதான் கல்லு."

மன்றத்துக் கமிட்டியில் இரண்டு பேர், அந்த உறைப் பணத்தை மன்றமே ரிப்பேக்காவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றார்கள். சோற்றுச் செலவு போக மிஞ்சியதில் அடுக்களைத் தகரத்தை மாற்றிவிட்டிருந்தோம், ஆனாலும் எங்கேயாவது புரட்டலாம் என்றார்கள். அவர்களை அவள் வெந்நீர்த் தொட்டியில் வைத்தே விரட்டினாள். "எருவேராவுக்குன்னு வச்சதை நான் எடுத்துத் திங்கணுமா? எந்திரிச்சுப் போங்கடா" என்றாள். துண்டைக்கூடச் சரியாகச் சுற்றாமல் எழுந்து போனார்கள்.

சொந்தக்காரர்களுக்கும் நடுவில் வேலை வந்தது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து, குடும்பத்துக்குள் இருக்கட்டும், சின்னப் பையன், வியாபாரம் நொடித்துவிடும் என்றார்கள். சின்னப் பையனுக்கு அப்போது முப்பத்து நாலு வயது, புது ஜீப் வாங்கியிருந்தான். கடன் கேட்கிறவளிடம் வந்து பொறுமை சொன்னவர்களில் ஒருவராவது கடன்பட்டவன் வாசலை மிதித்தாரா? இல்லை. அது எனக்கு ராவிரி செய்ததைவிடக் கேவலமாகப் பட்டது.

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு ராவிரி தானாகவே எங்கள் ஊருக்கு வந்தான். காரியம் இருந்தது. ஆற்றில் விழுந்து நனைந்தவர்களை எங்கள் ஊர் வழியாக நடத்திக் கூட்டிவந்து, எங்கள் தொட்டிகளில் குளிக்க வைத்து, அதற்குத் தனிக் காசு வாங்க ஆசை. எங்கள் அனுமதி வேண்டும். இப்படிக் கேட்க வருகிறவன் தனியாக வர முடியாது, பெரியவர்களோடு வர வேண்டும். அம்மா ஹரியாத்தாவைக் கூட்டி வந்தான். எருவேராவின் ஒரே தங்கை. அண்ணன் செத்ததிலிருந்து கறுப்புத்தான் உடுத்தினாள். மகன் செய்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மகனை அண்ணனுக்காக அள்ளி வைத்தவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மன்றத்துச் சாப்பாட்டு அறையில் கூடினோம். முற்றத்தில் ஆண்கள்தான் பேசலாம், சாப்பாட்டு அறையில் யாரும் பேசலாம். ராவிரி பெரிய அட்டையில் படமெல்லாம் வரைந்து கொண்டுவந்திருந்தான். ஊருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று விளக்கினான். நாலைந்து தலை ஆடியது. நான் எழப்போனேன். பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரிப்பேக்கா கத்தி பிடித்த கையாலேயே என் முழங்காலை அழுத்தினாள்.

"தம்பி ராவிரி" என்றாள். "எனக்கு ஒரு விஷயம் புரியல. கேட்டுக்கலாமா?"

"கேளுங்க அத்தை."

"உங்க மாமா கிடந்தப்போ ஒரு உறை வச்சியே. அது என்ன?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். "என்ன அத்தை இப்போ அது..."

"ஹரியாத்தாவும் கேக்கட்டும். அது என்னது?"

"கொஹாதான்" என்றான்.

"சந்தோஷம். அப்போ என் சாப்பாட்டுக் காசு ஆறாயிரத்து முந்நூறு அப்படியே நிக்குது. ஆயிரத்து இருநூத்தறுபது சாப்பாடு. எப்போ தர?"

ராவிரி சிரிக்கப் பார்த்தான். "அத்தை, அதை மானஹி மாமாகிட்ட விளக்கமா சொல்லிட்டேன். அந்தப் பணத்துலயே அதுவும் அடக்கம்."

"அடக்கமா? அப்போ உறைக்குள்ள இருந்தது என் காசு."

"ஆமா, அப்படித்தான் வச்சுக்கணும்."

"வச்சுக்கறேன்." கத்தியைத் துடைத்து மேசையில் வைத்தாள். "ஹேனியக்கா, அந்த நோட்டு இருக்கா?"

ஹேனி அதை மடியிலேயே வைத்திருந்தாள். இரண்டு கிழவிகளும் முன்பே பேசிவைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கெடுத்திருப்பேன்.

"எருவேரா சாவு. மே மாசம்" என்று ரிப்பேக்கா சொன்னாள். "ராவிரி பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு?"

"ஆறாயிரத்து முந்நூறு."

"அதை அடிச்சிடு. அது என் காசுன்னு அவனே சொல்லிட்டான். என் புருஷன் சாவுக்கு என் காசை நானே போட்டதா எழுதிக்க. அவன் பேருக்கு நேரா வெறுங்கைன்னு எழுது."

"வெறுங்கையா?"

"தாய்மாமன் பொணத்துக்கு முன்னாடி வெறுங்கையோட வந்து நின்னான்னு எழுது. நாளைக்கு அவங்க வீட்டுல ஒண்ணுன்னா நம்ம ஆளுங்க நோட்டைப் பார்த்துட்டுத்தானே கிளம்புவாங்க. சரியா இருக்கட்டும். கல்லுத் திறக்கிற அன்னிக்குப் பட்டியல் படிப்போமே, அப்பவும் சரியாவே படிக்கலாம்."

ஹேனி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பேனா மூடியைத் திருகினாள். எண்பதைத் தொட்ட அவள் அவசரப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அன்றும் அவசரப்படவில்லை.

"இருங்க" என்றான் ராவிரி.

"எதுக்கு இருக்கணும்?" இது ஹரியாத்தா. குரல் எழும்பவே இல்லை. "என் அண்ணனுக்கு முன்னாடி கையைத் தூக்கிக் காட்டினியே, அது யார் காசு?"

"அம்மா, இது வியாபாரம், உங்களுக்குப் புரியாது."

"எனக்கு எண்ணத் தெரியும். நீ என் அண்ணனுக்கு வச்சியா, இல்லையா? இல்லேன்னா ஹேனியக்கா எழுதட்டும். நானே பார்த்து வாசிச்சிட்டுப் போறேன்."

"வச்சேன்" என்றான்.

"எவ்வளவு?"

"ஆறாயிரத்து முந்நூறு."

"அது அவனுக்கு. இவளுக்கு?"

ராவிரி அட்டையைச் சுருட்ட ஆரம்பித்தான். சுருள் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப விரிந்தது. "செவ்வாய்க்கிழமை தர்றேன்" என்றான், யாரையும் பார்க்காமல். படகு ஆட்கள் எங்கள் தொட்டியில் குளிக்கிற பேச்சு அத்தோடு போனது. யாரும் மறுக்கவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. அம்மாவும் மகனும் வந்த ஜீப்பில் அம்மா திரும்ப ஏறவில்லை. ஹரியாத்தாவை அக்கரைக்கு என் பஸ்ஸில் நான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "கல்லுல அண்ணன் பேரை முழுசா வெட்டச் சொல்லு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் ரிப்பேக்கா வீட்டுப் பின்புறம் போய் உட்கார்ந்துகொண்டேன். கூப்பிட்டா வந்தேன்? இல்லை. அவளும் போகச் சொல்லவில்லை. புதன்கிழமை கல்வெட்டுகிறவன் வருவதாக இருந்தது. ஆவி அன்று தடிப்பாக வந்தது. பெட்டிக்குள் கோழி, சோளம், மாவுப் பண்டம் எல்லாம் ஏற்றி முடித்திருந்தாள்.

ராவிரி வந்தான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. நான் இருப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓர் உறையை எடுத்து, சமையல் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்த பலகைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இருக்கு அத்தை. வரட்டுமா?"

ரிப்பேக்கா உறையைப் பார்க்கக்கூட இல்லை. "எடு" என்றாள்.

"முழுசா இருக்கு. பேங்க்ல எண்ணிக் கட்டினது."

"செத்தவங்களுக்குத்தான் தரையில வைப்பாங்க. நான் உசிரோட இருக்கேன். எடுத்து எண்ணு."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன் என்று எதிர்பார்த்தானோ தெரியாது. எனக்கு அவனை அந்த ஆவிக்குள்ளேயே தலைகீழாக இறக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குனிந்தான். அந்த உறையை அவன் குனிந்து எடுத்தான். பிரித்தான். ரிப்பேக்கா இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துவிட்டு வலது கையை விரித்து நீட்டினாள். முப்பது வருஷம் ஆவி பட்டுச் சிவந்து, தோல் தடித்து, சுண்டுவிரல் ஓரத்தில் வெந்த தழும்பு இருந்த கை.

"ஒண்ணு" என்று முதல் நூறு டாலர் தாளை வைத்தான். மெதுவாகத்தான் சொன்னான்.

"கேக்கல."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

பத்துக்கு ஒரு முறை அவள் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். ஆவியில் தாள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டியது. இருபத்தேழில் இரண்டு தாள் சேர்ந்து விழுந்தது. அவன் சொல்லவில்லை, அவள்தான் பிரித்து ஒன்றை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "ஒழுங்கா எண்ணு, உன் காசும் எனக்கு வேண்டாம்" என்றாள். நாற்பதைத் தாண்டியபோது போதுமா என்பதுபோல் அவளைப் பார்த்து நின்றான். அவள் கை அசையவில்லை. மறுபடி ஆரம்பித்தான். ஐம்பத்தொன்பது, அறுபது என்று வந்தது. மற்றக் கையை அவள் அடியில் கொடுக்கவே இல்லை.

"அறுபத்தொண்ணு. அறுபத்து ரெண்டு."

கடைசித் தாளை வைத்தான். "அறுபத்து மூணு."

அவள் விரல்களை மடக்கினாள்.